பறவை எழுந்துவிட்டால் படம் இல்லை

வாசகர் கேள்வி – பதில்: கூடு கட்டும் காலத்தில் மும்பைச் சதுப்புநிலப் பறவைகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் செம்பூர், முலுண்ட், வாஷி, வசாய் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பறவைப் படம் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. உப்பளத்திலும் கழிமுகத்திலும் பறவைகள் முட்டையிடும் மாதங்கள் இவை. நம் மக்கள் புது லென்ஸோடு கிளம்புவதும் இதே மாதங்களில்தான். பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: உப்பளத்தில் நெடுங்கால் உள்ளான் அடைகாப்பதைப் படம் எடுக்க எவ்வளவு தூரத்தில் நிற்கலாம்? பொதுவாகச் சொல்லாமல் மீட்டர் கணக்கில் சொல்லவும்.
– வாசகர், நெருல்

ப: திறந்த வெளியில் தரையில் கூடு வைக்கும் பறவைக்கு 50 மீட்டருக்குள் போகாதீர்கள். ஆலாக்களோ உப்புக்கொத்திகளோ கூட்டமாக முட்டையிட்டிருந்தால் 100 மீட்டர். அதற்கு மேல் பறவையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே உப்பளத்தில், தினமும் ஆள் நடக்கும் வரப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பறவை 40 மீட்டரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆளே போகாத மூலையில் இருப்பது 90 மீட்டரிலேயே எழுந்துவிடும்.

அடைகாக்கும் உள்ளானைப் பைனாகுலரில் பாருங்கள். நிம்மதியாக இருந்தால் கழுத்து உள்ளிழுத்து இருக்கும், இறகு கோதும், அலகால் பக்கத்துக் குச்சியை இழுத்துக் கூட்டில் வைக்கும். உங்களைக் கவனித்துவிட்டால் முதலில் கழுத்து நீளும், கோதுவது நிற்கும். அடுத்து தலையை மேலும் கீழும் வெட்டி வெட்டி ஆட்டும். அதற்கடுத்து அந்த நீண்ட சிவப்புக் கால்கள் நிமிர, எழுந்து நாலடி நடக்கும், எதையோ கொத்துவதுபோல் பாவனை செய்யும். பலர் இந்த நேரத்தில் ‘இரை தேடுகிறது’ என்று நினைத்து இன்னும் நெருங்கிவிடுகிறார்கள். கழுத்து நீளும்போதே நீங்கள் நின்றுவிட வேண்டும். எழுந்து நின்றால் வந்த வழியே திரும்புங்கள், அது மறுபடி உட்காரும்வரை. பத்து நிமிடத்தில் உட்காரவில்லை என்றால் அந்த இடத்தையே விட்டுப் போய்விடுங்கள். ‘கிக் கிக் கிக்’ என்று தலைக்கு மேல் சுற்றத் தொடங்கிவிட்டால் பத்து நிமிடம்கூட வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் வெயில். பொதுவாக நாலு முட்டை, ஏறக்குறைய 25 நாள் அடை. முட்டைக்குள் கரு வளர 37, 38 டிகிரி போதும். அதற்கு மேல் நாலைந்து டிகிரி ஏறினாலே கருவுக்கு ஆபத்து. மே மாத நடுப்பகலில் காய்ந்த உப்பளச் சேறு 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். அந்த நேரத்தில் தாய்ப்பறவை உட்கார்ந்திருப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க அன்று, நிழல் கொடுக்க. உள்ளானும் ஆள்காட்டியும் ஓடிப்போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். பறவையைக் கூட்டுக்குத் திரும்பவிடாமல் நீங்கள் நிற்கும் அந்தக் கால் மணி நேரம் வெயில் நேராக முட்டைமேல் விழுகிறது. வெயில் விட்டாலும் காக்கை விடாது. மனிதர் எதையோ குனிந்து பார்த்த இடத்தில் அடுத்த பத்து நிமிடத்தில் அது இறங்கும்.

50 மீட்டரில் படம் வருமா என்பீர்கள். வரும். க்ராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் போட்டால் 50 மீட்டரில் படச்சட்டத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். உள்ளான் 35 முதல் 40 செ.மீ. நீளம், ஆகவே சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் அது ஆயிரம் பிக்சலுக்கு மேல். சுற்றியுள்ள தண்ணீரோடும் உப்புப் பாத்தியோடும் 2,400 பிக்சல் அகலத்துக்கு வெட்டினால் எட்டு அங்குல அச்சுக்குத் தாராளமாகப் போதும். 400 மி.மீ. லென்ஸில் பறவை எண்ணூறு பிக்சல் அளவில் இருக்கும். இன்னும் அகலமாக, இடத்தைக் காட்டும் படமாக எடுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. என்றாலும் இதே கதைதான்.

கே: கடன் வாங்கி 150–600 லென்ஸ் வாங்கினேன். உப்பளத்தில் எடுத்த எதுவும் தெளிவாக இல்லை. லென்ஸில் கோளாறா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கட்டுமா?
– வாசகர், வசாய்

ப: எடுத்த நேரத்தை எழுதவில்லை. ஆனால் கூட அனுப்பிய படங்களில் நிழல் பறவையின் காலடியிலேயே கிடக்கிறது, ஆகவே பகல் பத்தரைக்கு மேல் இருக்க வேண்டும். லென்ஸைக் குறை சொல்லுமுன் கானலைப் பாருங்கள். சூடான சேற்றிலிருந்து எழும் காற்றும் மேலே இருக்கும் காற்றும் வேறு வேறு அடர்த்தியில் கலங்குகின்றன, ஒளி அதில் வளைந்து வளைந்து வருகிறது. நீங்களும் பறவையும் தரையோடு தரையாக இருக்கும்போது ஒளி முழுத் தூரமும் அந்தக் கலங்கல் வழியாகவே வருகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை, விலை உயர்ந்த லென்ஸாலும் ஆகாது. டெலிகன்வர்ட்டர் (படத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) போட்டால் கலங்கலும் சேர்ந்து பெரிதாகும், வெளிச்சமும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கித் தூரத்துக் கம்பம் ஒன்றின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு நெளிந்தால் அன்றைக்குத் தொலைப்படம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும், வெயில் படாத இடத்தில், எட்டுப் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து எடுங்கள். எழுத்து கூர்மையாக விழுந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ். திருப்பிக் கொடுக்க வேண்டாம். முன்னால் மலிவான யூவி கண்ணாடி போட்டிருந்தால் அதை மட்டும் கழற்றிவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் காலை ஆறே கால் முதல் எட்டரை வரைதான் உங்கள் நேரம். மாலை ஐந்தரைக்கு மேல் கடல் காற்று வீசினால் கொஞ்சம் தெளியும். பறவைக்கும் இதுவே நல்லது: இந்த நேரங்களில் அது சிறிது எழுந்தாலும் முட்டை வெந்துபோகாது. காரிலிருந்து எடுத்தால் எஞ்சினையும் ஏசியையும் நிறுத்தி, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் விட்டு எடுக்க ஆரம்பியுங்கள். குளிர்ந்த வண்டிக்குள்ளிருந்து சூடான காற்று வழியாக எடுத்தால் ஜன்னலிலேயே ஒரு கானல் உண்டாகும். பானெட் மேல் லென்ஸை வைப்பதும் அப்படித்தான்.

கே: சிவ்ரியில் பூநாரைக் கூடுகளை எந்த மாதத்தில் பார்க்கலாம்?
– வாசகி, தாராவி

ப: எந்த மாதத்திலும் இல்லை. இங்கே அவை இரை தேட வருகின்றன, நவம்பர் வாக்கில் வந்து மே, ஜூனில் கிளம்பும். சேற்றைக் குவித்து மேடாக்கி முட்டையிடுவது குஜராத்தின் கட்ச் ரண்ணில். நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறப் பூநாரைகள் வளர்ந்துவரும் இளம் பறவைகள்.

கே: வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது கால் பக்கத்திலேயே நாலு முட்டை. மிதித்திருப்பேன். அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், முலுண்ட்

ப: நின்ற இடத்திலேயே நில்லுங்கள். இது ஒன்று என்றால் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கலாம். காலடியைச் சுற்றி நன்றாகப் பார்த்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். படம் எடுக்க வேண்டாம், செல்போனிலும் வேண்டாம். அடையாளத்துக்குக் கல்லோ குச்சியோ நட வேண்டாம், காக்கைக்கு அது வழிகாட்டி. முட்டையை மறைக்கிறேன் என்று இலை தழை போடுவதும் தப்பு. சுற்றிலும் இருக்கும் நாலு புல்லைப் பிடுங்கிப் ‘பார்வை தெளிவாக’ ஆக்குவது அதைவிடப் பெரிய தப்பு, முட்டைக்கு இருந்த கொஞ்ச நிழலும் அதுதான்.

ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் வரப்பிலும் வரப்பின் ஓரத்திலும்தான் முட்டையிடும், தண்ணீர் ஏறினாலும் தப்பிக்கும் மேடு என்பதால். கூடு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்காது. உள்ளங்கையளவு பள்ளம், சுற்றிலும் கூழாங்கல்லோ காய்ந்த மண்கட்டியோ உப்புப் பொருக்கோ. முட்டைகளின் கூர்முனை உள்நோக்கி இருக்கும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு, கண்ணுக்கு நேரே இருந்தாலும் தெரியாது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூலை வரை வரப்பில் நடப்பதையே விட்டுவிடுங்கள். உப்பளத் தொழிலாளர்களும் வண்டியும் போகும் பாதையோடு நில்லுங்கள், அதில் பறவை முட்டையிடுவது குறைவு. ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தால் எதற்கென்று தேடாதீர்கள். உப்புக்கொத்தி இறக்கை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு எதிரே ஓடினால், முட்டையோ குஞ்சோ அநேகமாக உங்கள் காலடியை ஒட்டி இருக்கிறது. அந்த நடிப்பைப் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கே: கூட்டைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றமா?
– வாசகர், கல்யாண்

ப: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குப் பிரிவு 2(16) தரும் விளக்கத்தில் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். பறவையை எழுப்பிவிடாத தூரத்திலிருந்து எடுத்த படம் அதில் வராது. கிளையை விலக்கி, பறவையை எழுப்பி, முட்டையைத் திருப்பி வைத்து எடுத்த படம் வரும். அந்தப் படமே சாட்சியாகவும் ஆகும். சரணாலயத்துக்குள் படம் எடுப்பது தனி விஷயம், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். தாணே கடற்கழிப் பூநாரைச் சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது, 2022இல் ராம்சார் என்னும் உலகச் சதுப்புநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஐரோலியிலுள்ள வனத்துறை மையத்திலிருந்து கடல் ஏற்ற நேரத்தில் விடும் படகில் போவது நேர்வழி.

கே: எங்கள் கட்டட வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் மழைக்காலத்தில் கொக்கும் மடையானும் நூற்றுக்கணக்கில் கூடு கட்டுகின்றன. மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கிட்டத்தட்ட எதிர்ப்பார்வையில் தெரிகிறது. எடுக்கலாமா? எச்சம், மீன் நாற்றம் என்று மரத்தை வெட்டச் சொல்லும் அண்டை வீட்டாருக்கு என்ன பதில் சொல்ல?
– வாசகி, மாதுங்கா

ப: அம்மா, பலர் ஏங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். எடுங்கள். அவை உங்கள் பால்கனியைப் பார்த்த பிறகுதான் அந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. துணி உலர்த்தும் ஆளும் பேச்சுச் சத்தமும் பழக்கம். பழக்கமில்லாதது, கம்பிக்கு வெளியே நீளும் கறுப்புக் குழாயும், பத்துப் பேர் கூடி நின்று கை காட்டுவதும். அறை விளக்கை அணைத்து, ஜன்னலிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, ட்ரைபாடில் வைத்து எடுங்கள். 15, 20 மீட்டர் தூரத்துக்கு 70–300 லென்ஸே போதும். மழைக்கால வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200 போனாலும் கவலைப்படாதீர்கள். உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் நொடியில் 250இல் ஒன்று, குஞ்சுக்கு ஊட்டும்போது 1000இல் ஒன்று. ஃப்ளாஷ் எந்த நேரத்திலும் கூடாது. இராக்கொக்கும் சேர்ந்திருக்கும் மரம் என்றால் அந்தி வேளையில் அது வெளியே கிளம்புவதைப் பாருங்கள், நல்ல படம் கிடைக்கும்.

ஜூன் கடைசியில் ஆண் கொக்கு குச்சி கொண்டுவந்து பெண்ணிடம் கொடுக்கும், அது வாங்கிச் செருகும். மடையானுக்கு அப்போது முதுகு கருஞ்சிவப்பாகவும், பிடரியில் வெள்ளை இழைகள் நீண்டும் இருக்கும். சின்னக் கொக்குக்குப் பிடரியில் இரண்டு நீள இறகு, அலகுக்கும் கண்ணுக்கும் இடையே சிவப்பேறும். பெரிய கொக்குக்கு அலகு கறுத்து, கண்முன் பகுதி பச்சை கலந்த நீலமாகும். இந்த நிறங்கள் கொஞ்ச நாள்தான், முட்டையிட்டபின் மங்கிவிடும். ஆகவே முதல் மூன்று வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆபத்தான கட்டம் ஜூலை கடைசி, ஆகஸ்ட். இரண்டு மூன்று வாரக் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்து கிளையில் ஏறித் திரியும், பறக்கத் தெரியாது. பட்டாசு, டார்ச், மொட்டைமாடியிலிருந்து கைதட்டல், எதற்கு மிரண்டாலும் பொத்தென்று விழும். வயிற்றிலிருக்கும் மீனையும் கக்கிவிடும். விழுந்ததைத் தூக்க வேண்டியிருந்தால் மேலே துண்டைப் போட்டு மூடித் தூக்குங்கள், அலகு கண்ணைக் குறிவைத்து வரும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையின் 1926 எண்ணை அழையுங்கள். பால் ஊற்றாதீர்கள். வாயைத் திறந்து தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

அண்டை வீட்டாருக்கு: மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975இல் வந்தது. மாநகராட்சி அனுமதியில்லாமல் மரத்தை வெட்டவோ கழிக்கவோ முடியாது. கூடு இருக்கும்போது கழித்தால் மேலே சொன்ன வனவிலங்குச் சட்டமும் சேரும். கிளை கழிக்க வேண்டியதை மே முதல் வாரத்துக்குள், அல்லது கடைசிக் குஞ்சு பறந்தபின் அக்டோபரில் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். எச்சத்துக்கு மரத்தடியில் வண்டி நிறுத்தும் இடத்தை மூன்று மாதம் மாற்றிவிட்டு, வாரம் இருமுறை பிளீச்சிங் பவுடர் இல்லாமல் வெறும் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்துக்கான ஏற்பாட்டைப் பேசி முடித்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

கே: கொக்கு எடுத்தால் வெறும் வெள்ளைத் தாளாக வருகிறது. ஏன்?
– வாசகர், டோம்பிவிலி

ப: கரிய சேற்றைப் பார்த்து ‘இருட்டு’ என்று முடிவுகட்டி கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7இல் தொடங்கி, வெயில் ஏற ஏற மைனஸ் 1.3 வரை இறக்குங்கள். வெளிச்சம் மிஞ்சிய இடத்தைக் காட்டித் திரையில் மினுக்கும் எச்சரிக்கை இறகின் மேல் நிற்கக் கூடாது. பின்னணி வானமோ பளபளக்கும் தண்ணீரோ என்றால் கேமரா எதிர்த்திசையில் ஏமாறும், அப்போது பூஜ்யமோ பிளஸ் 0.3ஓ. ரா கோப்பாக (சுருக்காத மூலக் கோப்பாக) எடுத்தால் சேற்றின் இருட்டைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். வெந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கே: கடல் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துத்தான் போகிறேன். ஆனாலும் ஏற்ற நேரத்துக்குப் போனால் வெயில் உச்சியில் இருக்கிறது, காலையில் போனால் பறவை ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.
– வாசகர், காட்கோபர்

ப: அட்டவணையோடு தினசரிக் காலண்டரையும் பாருங்கள். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் ஏறக்குறைய நண்பகலில்தான் உச்சத்துக்கு வரும், உயரமும் அன்றுதான் அதிகம், சில நாளில் 4.5 மீட்டரைத் தாண்டும். அன்று காலையில் போனால் பின்வாங்கிய தண்ணீர்தான். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய முக்கால் மணி தள்ளிப்போகும். அந்தக் கணக்கில் பின்னோக்கிப் பார்த்தால் ஏகாதசி, துவாதசி வாக்கில் உச்ச ஏற்றம் காலை எட்டிலிருந்து பத்துக்குள் விழும். தண்ணீர் ஏறிவரும் ஆறரை முதல் எட்டரை வரை சேற்றின் விளிம்பு கரையை நோக்கி நகர, பறவைகள் தாமே உங்களை நோக்கி நடந்து வரும். நீங்கள் அசைய வேண்டியதே இல்லை. அட்டவணை பொதுவாகக் கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்து அப்போலோ பந்தருக்குப் போட்டது, கழியின் உட்பக்கமுள்ள ஐரோலியில் தண்ணீர் சற்றுத் தாமதமாக ஏறும்.

உச்ச ஏற்றத்தில் சேறு முழுக்க மூழ்கியதும் பூநாரைகளும் உள்ளான்களும் நவி மும்பையின் உட்புற நீர்நிலைகளுக்கு ஒதுங்கும். அங்கே போவதானால் அந்த நேரம்தான் சரி. அலையாத்திக்குள் இறங்காதீர்கள். வேர்முளைக்கு நடுவே இடுப்பளவு சேறு, ஏறும் தண்ணீர் பின்பக்கமாகவும் சூழும்.

கூடு வைத்த பறவைகளுக்கும் இந்த அட்டவணை உயிர்ப் பிரச்சினை. பெரிய ஏற்றத்துக்கு மறுநாள் உப்பளத்தில் உள்ளான்கள் வேகவேகமாகக் குச்சியும் சேறும் சேர்த்துக் கூட்டை உயர்த்திக்கொண்டிருக்கும். அன்று இன்னும் தள்ளி நில்லுங்கள்.

கே: கூட்டை நெருங்காதே என்றால் இந்த நாலு மாதம் எதைத்தான் எடுப்பது?
– வாசகி, செம்பூர்

ப: கூடு தவிர எல்லாவற்றையும். உள்ளான் இணை சேர்ந்து முடித்ததும் ஆண் ஒரு சிறகைப் பெண்ணின் முதுகுமேல் விரித்து, இரண்டும் அலகைக் குறுக்கே வைத்துக்கொண்டு சில அடி சேர்ந்தே நடக்கும். இரண்டு மூன்று நொடிதான். இணை சேரத் தொடங்கியதும் விரலை எடுக்காமல் இருந்தால் அகப்படும். ஷட்டர் 1000இல் ஒன்று, அபெர்ச்சர் எஃப் 8, இரண்டு தலையும் ஃபோகஸில் நிற்க வேண்டுமே. கூடு கட்டுமுன் இடம் தேடித் திரியும் நாட்களில் இது அதிகம் நடக்கும், கூட்டத்தில் எல்லா ஜோடியும் ஒரே நாளில் தொடங்குவதில்லை.

ஆள்காட்டி வயிறு நனைப்பதைத் தண்ணீர்க் கரையில் எடுங்கள், அது திரும்பிப் போகும் திசையில் லென்ஸைக் கொண்டுபோக வேண்டாம். நல்ல தண்ணீர்க் குளங்களில் ஜூலைக்கு மேல் நீளவால் இலைக்கோழி. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான், மிரண்டால் குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும், தொங்கும் குஞ்சுக் கால்கள் மட்டும் வெளியே தெரியும். அதற்காக அதை மிரட்டக் கூடாது, பருந்து பறந்தாலே செய்துவிடும், காத்திருங்கள். தூக்கணாங்குருவி தொப்பி அளவுக்குப் பின்னிவிட்டுச் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும் கட்டத்தில் முட்டை இருக்காது. பெண் வந்து பார்த்துப் பிடித்தபின்தான் கூடு முழுமையாகும். ஈச்சையோ பனையோ, 20 மீட்டர் தள்ளி நின்று அந்தத் தொப்பிக் கட்டத்தை எடுக்கலாம்.

உள்ளான், ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த ஒரு நாளுக்குள் நடந்து இரை கொத்தும். கூட்டைவிட இந்தப் படம் ஆயிரம் மடங்கு உயிருள்ளது. தண்ணீர் ஓரத்தில் நீங்கள் முதலில் போய் உட்கார்ந்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் அவை உங்களைத் தாண்டிப் போகும். கால் முளைத்த பருத்திக் கொட்டை போல இருக்கும் அதைத் துரத்தினால் அது சேற்றோடு சேறாகப் படுத்துவிடும், உங்கள் காலே அதை மிதிக்கக்கூடும். பீன் பேக்கில் ஒன்றரை, இரண்டு கிலோ அரிசியோ பட்டாணியோ நிரப்பி, தரையோடு லென்ஸை வைத்தால் குஞ்சின் கண் மட்டத்தில் படம் வரும்.

மீன்கொத்தியைப் பார்த்தால் ஒரு குறிப்பு: மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது தனக்கல்ல, குஞ்சுக்கோ இணைக்கோ கொண்டுபோகிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்தொடராதீர்கள்.

கே: ட்ரோனில் மேலேயிருந்து எடுத்தால் நடக்கும் தொல்லையே இல்லையே?
– வாசகர், பன்வெல்

ப: வேண்டாம். மேலேயிருந்து வரும் எதுவும் பறவைக்குப் பருந்துதான். கூட்டம் மொத்தமாக எழும்பும், முட்டை உருளும், காக்கை காத்திருக்கும். விமான நிலையத்தைச் சுற்றிய பகுதிகளுக்கு 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அனுமதியும் வேண்டும்.

கே: உள்ளான் குஞ்சு ஒன்று தனியாக நின்றது. நாய் பிடித்துவிடும் என்று பயந்து எடுத்துவர நினைத்தேன்.
– பள்ளி மாணவி, வாஷி

ப: எடுக்காமல் வந்தது நல்லது, கண்ணே. அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே நின்று, நீ போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நாயை மட்டும் கொஞ்ச தூரம் அதட்டி விலக்கிவிட்டு நீயும் விலகிவிடு.

கே: நல்ல படம் கிடைத்தால் வாட்ஸ்அப் குழுக்களில் இடத்தோடு போடுகிறோம். பிறரும் பார்க்கட்டுமே என்றுதான்.
– பறவை ஆர்வலர் குழு, மீரா ரோடு

ப: கூடோ குஞ்சோ இருக்கும் இடம் என்றால் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முப்பது பேர் வந்து நிற்பார்கள், ஒவ்வொருவரும் ‘நான் கொஞ்ச நேரம்தான் நின்றேன்’ என்பார்கள், பறவைக்கு அது மொத்தமாக முழு நாள். அடை 25 நாள், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். இரண்டு மாதம் பொறுத்துப் போடுங்கள், ‘நவி மும்பை’ என்ற அளவில் இடம் சொன்னால் போதும். கேமராவிலும் செல்போனிலும் ஜிபிஎஸ் பதிவை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடத் தகவல் பெரும்பாலும் நீங்கிவிடும், ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்க வழி உண்டு, பயன்படுத்துங்கள். நாட்டின் பல படப்போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை, போட்டிக்காக என்று யாராவது கிளம்பினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கே: உப்பளத்திலிருந்து வந்தபின் கேமராவை எப்படித் துடைப்பது? போன மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டது.
– வாசகர், அம்பர்நாத்

ப: உப்பு காற்றிலேயே வந்து ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகளே கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் லென்ஸ் குழாயையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். முன்கண்ணாடிக்கு லென்ஸ் திரவம், துணியில் இரண்டு சொட்டு, கண்ணாடிமேல் நேராக விடக் கூடாது. ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே உலரவிடுங்கள், இல்லையேல் அடுத்த மாதம் திருகு திரும்பாது.

மழைக்காலத்தில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் வியர்க்கும். கிளம்புமுன் ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து 20, 30 நிமிடம் கழித்துத் திறங்கள். வீட்டில் ட்ரை கேபினட் இருந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. அதற்கும் கீழே போனால் ரப்பர் காய்ந்துபோகும். கேபினட் இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த சமையலறை டப்பா, அதில் 200 கிராம் நீலச் சிலிகா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. நீலம் வெளிறி இளஞ்சிவப்பானதும் வாணலியில் மெல்லிய தீயில் மறுபடி நீலமாகும்வரை வறுத்து, ஆறவிட்டுப் போடுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். லென்ஸைத் தோல் பையிலோ துணிப் பையிலோ வைத்து அலமாரியில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு வழி. வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, ஜூம் வளையத்தை நாலு முறை முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் உள்ளே பார்த்துவிட்டு வையுங்கள். ஏற்கெனவே பூஞ்சை வந்த லென்ஸைச் சுத்தம் செய்து வாங்கும்வரை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.